இரவுப் பணி சிஸ்டருக்கும் லேப் தம்பிக்கும்

பெரியப்பாவின் கணையத்தில் இருந்துகொண்டு, இன்சுலினைக் கட்டுப்பாடில்லாமல் சுரந்து சர்க்கரையைத் தாழ்த்திய இன்சுலினோமா கட்டியை எடுத்து, தையலும் பிரித்தாயிற்று. நேற்று விடிகாலை பெரியப்பாவின் சர்க்கரை 104. எழுந்ததும் தெளிவாகப் பேசினார், காபி கேட்டார். பட்டபாடு உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப எழுதத் தெம்பில்லை.

முதல் நன்றி, பட்டினிச் சோதனையின் இரண்டாம் இரவில் வார்டில் இருந்த சிஸ்டருக்கு. சாப்பாடில்லாமல் வைத்து, சர்க்கரை தாழும்போது ரத்தத்தைப் பார்க்கிற, 72 மணி நேரம் வரை போகக்கூடிய சோதனை அது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 60-க்குக் கீழே வந்துவிட்டால் ஒன்றிரண்டு மணிக்கொரு முறை. பெரியப்பா வியர்த்து உளற ஆரம்பித்ததும் "குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்" என்று நாங்கள் கத்தினோம். "ரத்தம் எடுத்துட்டு உடனே போடறேன்மா, கையை மட்டும் பிடிச்சுக்கோங்க" என்றார். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது ஏற்றவேண்டிய குளுக்கோஸ், பக்கத்திலேயே தயாராக இருந்தது.

சர்க்கரை தாழ்ந்தால் நல்ல கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். இன்சுலினோமா கட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே சர்க்கரை 55-க்குக் கீழே இருக்கும் அதே ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு இன்சுலின் 3 மைக்ரோயூனிட்டும், கணையம் இன்சுலினோடு சேர்த்தே விடும் சி-பெப்டைடு 0.6 நானோகிராமும் எட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குளுக்கோஸ் முதலில் ஏறியிருந்தால் யாருக்குமே இன்சுலின் கூடும். அப்புறம் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பட்டினியும் வீண். விரல் நுனியில் பார்க்கும் மீட்டரும் தாழ்ந்த அளவுகளில் பிசகும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

சிஸ்டர் முன்கூட்டியே வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போட்டு, குழாய்களில் பெயர் ஒட்டி வைத்திருந்தார். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய். அதிலுள்ள ஃப்ளோரைடு இல்லாவிட்டால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துக் காட்டும். அவசரத்திலும் சிரிஞ்சை வெடுக்கென்று இழுக்கவில்லை. சிவப்பணு உடைந்தால் அதிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும், கட்டி இருந்தும் இல்லாததுபோல ரிப்போர்ட் வரும்.

லேப் தம்பி அந்நேரத்தில் ஐஸ் பெட்டியோடு படியேறி வந்து வாங்கிப்போனார். உடனே சுழற்றி, சீரத்தைப் பிரித்து உறையவைத்தார். பட்டினியில் கொழுப்பு கரைந்து உண்டாகும் கீட்டோனையும் பார்த்தார்கள். அத்தனை நேரம் பட்டினி கிடந்தும் அது ஏறாமல் இருந்தது, உள்ளே இன்சுலின் வேலை செய்துகொண்டிருந்ததற்கு இன்னொரு சாட்சி. வீட்டில் யாராவது சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று எங்களைக் கேட்டது அன்றைக்கு உறுத்தியது. கேட்டது சரிதான். கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை நோய் மாத்திரை விழுங்கினாலும் இதே எண்கள்தான் வரும். ரத்தத்தில் மாத்திரை இல்லை என்று பார்த்த பிறகே கணையத்தைத் தேடலாம்.

சி.டி.யில் தெரியாத 1.4 செ.மீ. கட்டியை எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டில் கண்டுபிடித்தவர், இன்சுலின் சுரப்பை அடக்கும் டயசாக்ஸைடு மருந்தால் கால் வீங்கியபோது அளவை மாற்றித் தந்தவர், மேசையிலேயே மறுபடி அல்ட்ராசவுண்ட் வைத்துக் கணைய நாளத்துக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று உறுதிசெய்து கட்டியை மட்டும் தோண்டியெடுத்த அறுவை மருத்துவர், கணைய நீர் கசிகிறதா என்று வயிற்றிலிருந்து வடியும் டிரெயின் திரவத்தில் அமிலேஸ் நொதியைப் பார்த்துப் பார்த்துக் குழாயை எடுத்தவர்கள், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகள், எல்லோருக்கும் கும்பிடு.

இனி விடிகாலையிலும் சாப்பாடு தள்ளிப்போனாலும் குழப்பமோ வலிப்போ வந்து, சாப்பிட்டதும் தெளிகிற யாரைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அந்த நேரத்துச் சர்க்கரையைப் பார்த்தீர்களா என்று கேட்காமல் விடமாட்டோம். இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது; காத்திருந்து எடுப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் மட்டும். வீட்டில் என்றால், விழுங்க முடிகிறவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.