அத்தானின் தொடை வீக்கம்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதிநாயகம்,

கடிதம் கிடைத்தது. கார் அறுப்பு முடிந்ததும் அத்தானைக் கூட்டி வருவதாக எழுதியிருக்கிறீர். அறுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம் வே, நாளைக்கே வாரும். அதுவரை அந்தத் தொடையை யாரும் எண்ணெய் போட்டு நீவ விடாதேயும்.

18 வருஷச் சர்க்கரை, கண்ணுக்கு லேசர் வைத்தாயிற்று, சிறுநீரில் புரதம் போகிறது. விழவில்லை, அடிபடவில்லை; திடீரென்று தொடை முன்பக்கம் கெட்டியாக வீங்கி வலிக்கிறது, காய்ச்சலும் இல்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ரத்தம் போகாமல் தசையில் ஒரு பகுதி பட்டுப்போயிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அடைபடுவது பெரிய குழாய் இல்லை, தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள். பாதத்தில் நாடி நன்றாகத் துடிக்கும். அதை வைத்து ‘ரத்த ஓட்டத்தில் குறையில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. 1965-லேயே ஸ்வீடன்காரர்கள் இதை எழுதிவிட்டார்கள், நம்ம ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி தொடங்கிய அதே வருஷம். அபூர்வம் என்பதால் இன்றைக்கும் சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

முதலில் இரண்டைத் தள்ளியாக வேண்டும். ஒன்று, ஆழ்சிரையில் ரத்தம் உறைவது, அதற்கு ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். மற்றது தசைக்குள் சீழ். தசை பட்டுப்போனதாக இருந்தால் வெள்ளணு பெரும்பாலும் ஏறாது, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். ஏறும். தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சி.பி.கே.யையும் பார்ப்பார்கள், அது சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது, நாள் கடந்து எடுத்தால் இறங்கியிருக்கும். விஷயத்தை உடைத்துச் சொல்வது எம்.ஆர்.ஐ. சாயம் ஏற்றாமல் எடுத்தாலே தசை நீர்கோத்திருப்பது தெரிந்துவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர் என்று ஸ்கேன் சென்டரில் முன்கூட்டியே சொல்லிவிடும்.

கத்தி வைக்கத்தான் அவசரப்படக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால்தான் சதை எடுத்துப் பார்ப்பது. பட்ட தசையை வெட்டி எடுத்தால் புண் லேசில் ஆறாது; ஓய்வில் ஐந்தாறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரத்தில் ஆறுவது, அறுவைக்குப் பின் மூன்று மாதம் இழுக்கும்.

ஓய்வு என்றால் கட்டிலோடு கிடப்பது இல்லை. வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடக்கலாம், கணுக்காலை ஆட்டிக்கொண்டிருக்கலாம். குத்தவைப்பது, படி ஏறுவது, தொடையை இழுத்துச் செய்யும் பிசியோதெரபி எல்லாம் அப்புறம்தான். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக் ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம், இருக்கிற சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. அவருக்குக் கண்ணில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று கேட்டுத்தான் முடிவு செய்யணும். சர்க்கரையையும் ஒரேயடியாகத் தள்ளி இறக்கினால் கண் மோசமாகலாம். அக்காவிடமும் சொல்லி வையும்: ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது திரும்ப வரும், சில சமயம் அடுத்த காலில்.

நான் இப்போது மகாராஜநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். தரைத்தளம்தான், அத்தானுக்குப் படி ஏறும் சிரமம் இல்லை. சிறுநீரகத்துக்காகக் கடைசியாக எடுத்த கிரியாட்டினின் சோதனைச் சீட்டும், போடுகிற இன்சுலின் அளவும் கையில் இருக்கட்டும். இடையில் காய்ச்சல் அடித்தாலோ, பாதம் மரத்தாலோ, மூச்சு வாங்கினாலோ என் வீட்டைத் தேடாதேயும். நேரே ஹைகிரவுண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடும்.

அன்புடன்,
சங்கரன்