கயிறு பிடித்தவர்களுக்கும் அடி வாங்கியவர்களுக்கும் நன்றி

‘சண்டைப் பயிற்சி’ என்று போட்டு அதற்குக் கீழே என் பெயர் வந்த முதல் படம் வெளியாகிவிட்டது. வாழ்த்திய எல்லாருக்கும் நன்றி. ஆனால் அந்த வாழ்த்தில் பங்கு உள்ளவர்கள் நிறைய பேர். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ரோப் டீம் அண்ணன்கள். நான் டூப் போட்ட காலமெல்லாம், உடைக்குள் கட்டிய ஹார்னஸ் என்ற பட்டைக் கச்சையிலிருந்து கிரேன் வழியாகப் போகும் கயிற்றின் மறுமுனை இவர்கள் கையில்தான் இருந்தது. மாஸ்டர் சொல்லும் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் முந்தி இழுத்தால் கழுத்தும் இடுப்பும் போச்சு. பிந்தினால், உதை வாங்கியவன் தானே துள்ளியது போலத் தெரியும். ஆளை ஏற்றுவதற்கு முன் மணல் மூட்டையைக் கட்டி இழுத்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் போகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் மூட்டை போய் வந்த பிறகுதான் நான். கடைசியில் கயிற்றைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள். இவர்கள் வேலை செய்த தடமே படத்தில் இருக்காது. இன்று என் முதுகு நேராக நிற்பது இவர்களால்தான்.

அப்புறம், ஃபைட்டராக இருந்த என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்ட என் மாஸ்டர். உயரத்திலிருந்து விழும் ஷாட் என்றால் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை போட்டு, ஒவ்வொரு மூலையையும் தானே அமுக்கிப் பார்ப்பார். “பெட்டி நசுங்கினாத்தான்டா ஆள் நசுங்க மாட்டான்” என்பார். இப்போது நானும் அமுக்கிப் பார்க்காமல் ‘ரெடி’ சொல்வதில்லை.

என் படத்தில் அடி வாங்கிய ஃபைட்டர் தம்பிகளே, ஹீரோவின் கை உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போனது. கேமரா கோணம் பாதி வேலையைச் செய்தது. மீதி, சரியான நேரத்தில் தலையைத் திருப்பி விழுந்த நீங்கள். தியேட்டரில் கேட்ட விசில் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒளிப்பதிவாளருக்கும் எடிட்டருக்கும் என் அன்பு.

சண்டைக் காட்சிக்கு முதல் தேசிய விருது 2017-இல்தான் அறிவிக்கப்பட்டது, ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெயின் மாஸ்டருக்கு. ஆஸ்கரிலோ, 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் ஸ்டண்டுக்குத் தனி விருது. இப்படி எதுவுமே இல்லாத காலத்தில் எலும்பு முறிந்தும் தொழிலை விடாத எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

அடுத்த படத்துக்கும் இதே டீம்தான். டைட்டிலில் ரோப் அண்ணன்கள் ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியாக வர வேண்டும் என்று கேட்டேன். தயாரிப்பாளர் சரி என்றார். அவருக்கும் நன்றி.