சோலாருக்குக் கொடை வேண்டாம், முதல் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சொந்த ஊருக்குச் சோலார் போட்டுத்தர முன்வரும் செட்டிநாட்டு அன்பர்களுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பணத்தை நன்கொடையாகக் கொடுக்காதீர்கள். வட்டியில்லா முதலாக, அதாவது கடனாகக் கொடுத்து, பத்து வருடத்தில் திரும்ப வாங்கி, அடுத்த ஊருக்குக் கொடுங்கள்.

இலவசமாக வந்த சோலார் பாதியில் படுத்துவிடுவதற்குக் காரணம் உண்டு. பேனல் 25 வருடம் உழைக்கும். பேனல் தரும் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரை எட்டு, பத்து வருடத்தில் மாற்ற வேண்டிவரும். சோலார் தெருவிளக்கின் லெட்-ஆசிட் பேட்டரியோ நாலைந்து வருடத்திலேயே போய்விடும். அப்போது கொடையாளர் சிங்கப்பூரில் இருப்பார். ஊரில் அதற்கென்று ஒதுக்கிய பணம் இருக்காது. கல்வெட்டு மட்டும் பழுதில்லாமல் இருக்கும்.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துக் காரைக்குடிக்கு வந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இன்றுவரை நிற்கிறது என்றால், நடப்புச் செலவை மத்திய அரசு ஏற்றதும் அதற்கு ஒரு காரணம். ஊர்ச் சோலாருக்கு அப்படி யாரும் கிடையாது. தன் செலவை அதுவே சம்பாதிக்க வேண்டும்.

எங்கே சம்பாதிப்பது? சிறு வீடுகளில் முடியாது. அரசு தரும் இலவச யூனிட் போக அங்கே கட்டணமே பெரிதாக வருவதில்லை. விவசாய மோட்டாருக்கும் மின்சாரம் இலவசம். தெருவிளக்கு எரிவதோ இரவில். மிஞ்சுவது ஊராட்சியின் குடிநீர் மோட்டார். பகல் 9 மணி முதல் 3 மணிக்குள் தண்ணீர் ஏற்றிவிட்டால் மேல்நிலைத் தொட்டியே பேட்டரி மாதிரி. தனியாக பேட்டரி வாங்க வேண்டியதில்லை.

ஒரே மின் இணைப்பில் 7½, 5 எச்.பி. என இரண்டு மோட்டார் ஓடுகிற ஊருக்கு 10 கிலோவாட் போதும். 540 வாட் பேனல் 19, நிழல் விழாத ஆயிரம் சதுர அடி இடம், செலவு ஏறத்தாழ 6 லட்சம். நாளொன்றுக்குச் சராசரி 40 யூனிட் என்றால் வருடத்துக்கு 14,000 யூனிட்டுக்குக் குறையாது. யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 98,000 ரூபாய் மிச்சம். அதில் 60,000 கொடையாளருக்குத் திரும்பட்டும். 25,000 பழுதுபார்க்கும் மகமையில் (பொது நிதியில்) சேரட்டும். மீதி 13,000 பேனல் கழுவும் மகளிர் குழுவுக்கும் காப்பீட்டுக்கும். நாலு வருடத்தில் மகமை ஒரு லட்சமாகிவிடும், இன்வெர்ட்டர் செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மோட்டார் ஆபரேட்டர் பழக்கப்படி விடியற்காலை ஐந்து மணிக்கே தொட்டியை நிரப்பினால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். அப்போது பகலில் மிஞ்சி, மின்வாரிய லைனுக்கு (கிரிட்டுக்கு) போகும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் யூனிட்டின் விலை கிடைக்காது. மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடுவதால், கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும் என்பதையும் கிராம சபையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள்.

சொத்து யார் பெயரில்? ஊர்க்காரர்களே பதிவுசெய்த சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். சங்கம் ஊராட்சியோடு மாத வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொள்வது எளிது. கடனாக வாங்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது, விலை 1.55 கோடி ரூபாய், பெரும்பகுதி வங்கிக் கடன். தவணை கட்டுகிற இடத்தில் எந்திரம் நின்றால் ஏன் என்று கேட்க ஆள் இருக்கும்.

பொருத்தும்போது நடக்கும் தவறுகளில் முக்கியமானது எர்த்திங், அதாவது கசியும் மின்சாரத்தையும் இடியையும் மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. நம் செம்புறாங்கல் தரை சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும். எர்த் சரியாக நிற்காது. பேனல் பக்கம், மின்வாரியப் பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனிக் குழி தோண்டி, கோடையில் அளந்து பார்க்க வேண்டும். ஒரே குழியில் மூன்றையும் சேர்த்தால் ஐப்பசி மழையில் விழும் முதல் இடியே இன்வெர்ட்டரைக் கொண்டுபோய்விடலாம்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டு மாடியில் போடலாமே என்பார்கள். வேண்டாம். பழைய சுண்ணாம்புத் தளத்தில் போல்ட் அடித்தால் ஒழுக ஆரம்பிக்கும். மின் இணைப்பு பெரும்பாலும் காலஞ்சென்ற ஐயாவின் பெயரில் இருக்கும், பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி முடியாது.

இன்னொன்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாகத் தரும் சொந்தப் பணம், எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுப் பணம் ஆகாது. மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை பெற்றவர் தருவது வெளிநாட்டுப் பணம், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள அமைப்பின் டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கு வழியாகத்தான் அது வர முடியும். அந்த அமைப்பு அதை வேறு சங்கத்துக்கு மாற்றித் தரவும் 2020 முதல் அனுமதி இல்லை. ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சோலார் பணி செய்வோர் சிலர்,
காரைக்குடி.