அழுக்காகத்தான் கேட்டேன்

நாகர்கோவில்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, ஆன்லைன் அச்சு நிறுவனம்

பொருள்: 16 பக்க பங்க் (ராக் இசையில் ஒரு வகை) இதழ், 100 பிரதிகள் – தவறாக அச்சிட்டது குறித்து

வணக்கம்.

நான் கேட்டது சாதாரண 70 ஜிஎஸ்எம் எடைத் தாள், கறுப்பு வெள்ளை, ஏ4-ஐ மடித்து நடுவில் இரண்டு பின். வந்திருப்பதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி மின்னும் ஆர்ட் பேப்பர். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பக்கங்களை மடிப்புக்கு ஏற்றபடி நானே ஜோடி சேர்த்துத்தான் அனுப்பினேன். முதல் தாளில் 16-ம் 1-ம், அதன் பின்பக்கம் 2-ம் 15-ம், இப்படி நான்கு தாள். 'அப்படியே அடிக்கவும், மாற்றி அடுக்க வேண்டாம்' என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். உங்கள் ஆட்கள் மறுபடியும் அடுக்கிவிட்டார்கள். குளச்சல் இசைக்குழுப் பையன்களின் பேட்டியில் கேள்வி ஒரு பக்கம், பதில் இதழின் வேறு மூலையில். சர்ச் பாடகர் குழுவில் டிரம்ஸ் பழகியவன், மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளுவதைப் பற்றி ஏன் கத்திப் பாடுகிறான் என்று சொல்லும் இடத்தில் பேட்டி அறுந்து, அடுத்த பக்கத்தில் கேசட் விமர்சனம் வருகிறது.

இதைவிடக் கோபம் 'சுத்தம் செய்ததில்' தான். நகலுக்கு நகல் எடுத்து, வேண்டுமென்றே கரும்புள்ளி ஏற்றிய படங்களை வெளுத்துவிட்டீர்கள். வெட்டி ஒட்டிய துண்டுகளின் ஓர நிழல் காணோம். பாடல் வரிகளுக்கு மேலே பென்சிலில் எழுதியிருந்த கிட்டார் கார்டு (chord) குறிப்புகளும் அதோடு போயின. போனில் கேட்டால், "தரத்தை உயர்த்தத்தான் செஞ்சோம் சார்" என்கிறார் உங்கள் ஊழியர். 1976-இல் லண்டனில் மார்க் பெர்ரி டைப் அடித்து, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பெழுதி, ஜெராக்ஸ் போட்டு விட்ட 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பங்க் இதழின் காலத்திலிருந்து இந்த இதழ்களின் முகமே அதுதான். 1988-இல் சுந்தர ராமசாமி 'காலச்சுவடு' தொடங்கிய ஊர் இது. சிறுபத்திரிகை எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

கச்சேரி நாளில் 20 ரூபாய்க்கு விற்க வேண்டிய இதழ் பெட்டியிலேயே கிடக்கிறது. 100 பிரதிகளையும் உங்கள் செலவில் மறுபடி அச்சிட்டுத் தர வேண்டும். இல்லையென்றால் கூரியர் கட்டணம் உட்பட முழுப் பணமும் வேண்டும். பழையவற்றை நீங்களே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். படங்களை இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன். அப்புறம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியும்.

மறுபடி அச்சிடுவதானால் முதலில் ஒரே ஒரு பிரதியை மடித்து, பின் அடித்து, பக்கம் புரட்டி வீடியோ அனுப்புங்கள். நான் சரி என்ற பிறகு மீதியை ஓட்டலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்