ஒரே பார்சலில் இரண்டு விதத் துணி: 6 யார் மெரூன் வெல்வெட் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நோர்வூட் பக்கத்தில் தையல் வேலை செய்பவள். 2025 மே 6ஆம் திகதி உங்களிடம் மெரூன் நிற வெல்வெட் 6 யார் ஒன்லைனில் ஓடர் செய்தேன். ஒரு யார் 2,350 ரூபாய்ப்படி 14,100, கூரியருக்கு 550, மொத்தம் 14,650 ரூபாயை முதலிலேயே பேங்கில் போட்டுவிட்டேன். உங்கள் விளம்பரத்தில் "நூறு வீதம் கொட்டன் வெல்வெட்" என்று இருந்தது. வந்த பார்சலில் இருந்தது 4 யார் கொட்டன், 2 யார் பொலியெஸ்டர். மூன்று தடவை போன் எடுத்தேன், வட்ஸ்அப்பில் படங்களும் அனுப்பினேன். முடிவாகக் கிடைத்த பதில், "வெட்டிய துணியைத் திருப்பி எடுக்க மாட்டோம் அக்கா" என்பதுதான். பேசின பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள், அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்ல நடந்ததை முழுக்கச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகள் தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு நாடகம் பழகினார்கள். பஞ்சதந்திரத்தில் வருமே, ஒரே வயிறும் இரண்டு தலையுமாக ஒரு பறவை, ஒரு தலைக்கு அமுதம் போலப் பழம் கிடைக்க அது மற்றத் தலைக்குக் கொடுக்காமல் தின்றுவிடும், அந்த ஆத்திரத்தில் மற்றது நச்சுப் பழத்தைத் தின்ன இரண்டும் சேர்ந்தே செத்துப்போகும், அந்தக் கதை. டீச்சர் அதைக் கண்டி அரசவையில் நடப்பதாக மாற்றி எழுதியிருந்தார், 1739இலிருந்து 1815 வரை நாயக்கர் வம்சத்து ராஜாக்கள் ஆண்டார்களே, அந்தக் காலம். அதனால் பறவைக்கும் அந்தக் காலத்துச் சாயலில் உடுப்பு வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

நான் சும்மா ஏதோ ஒரு பறவை உடுப்புத் தைக்கவில்லை. உடுநுவரவில் இருக்கிற எம்பெக்கே தேவாலயத்துக்குப் போனோம், கதிர்காமக் கடவுளுக்குக் கட்டிய கோயில், 14ஆம் நூற்றாண்டில் கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது என்பார்கள். அங்கே மேள மண்டபத்து மரத்தூண்களில் அன்னம், யானையும் சிங்கமும் கலந்த மிருகம், மல்லர்கள் என்று செதுக்கியிருப்பதற்கு நடுவில் இந்த இருதலைப் பறவையும் இருக்கிறது. கொப்பியில் பென்சிலால் வரைந்து எடுத்தேன். சட்டைக்கு மாதிரி, கண்டிப் பிரதானிகள் போட்ட பஃப் கை வெல்வெட் சட்டை. கண்டி தலதா பெரஹரா ஊர்வலத்தில் தலதா மாளிகைப் பொறுப்பாளரான தியவடன நிலமே இன்றைக்கும் உடுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் மடிப்பு மடிப்பாக ஊதி நிற்கும் அந்தக் கை, கொஞ்சம் நீட்டினால் சிறகு மடித்த மாதிரியே இருக்கும். அந்தச் சாயலைக் கண்டதும்தான் எனக்கு உடுப்பே கண்ணுக்குத் தெரிந்தது.

உடுப்பு ஒன்று, போடுகிறவர்கள் இரண்டு பேர். இரண்டு பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள், இருவரையும் சேர்த்து ஒரே சட்டை, ஒரே நெஞ்சுப்பகுதி, நடுவில் பொத்தான் இல்லை, பிரிவு இல்லை. இடது பக்கத்துப் பிள்ளைக்கு இடது சிறகு, வலது பக்கத்துப் பிள்ளைக்கு வலது சிறகு, உள்பக்கக் கைகள் இரண்டும் துணிக்குள்ளே ஒன்றையொன்று பிடித்திருக்கும். சிறகுக்கு இலை வடிவத்தில் வெட்டிய துண்டுகளைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்க வேண்டும். வெல்வெட்டைக் கையால் தடவினால் ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் இருளும். அதனால் எல்லாத் துண்டையும் ஒரே திசை பார்த்து வெட்ட வேண்டும், துணி கூடுதலாகப் போகும். 6 யார் கேட்டது அதற்காகத்தான். இரண்டு தலையும் ஒரே உடம்பு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் துணி ஒரே துணியாக இருந்தே ஆக வேண்டும், இந்த உடுப்பின் உயிரே அதுதான்.

சரி, பார்சல் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக்கு கூரியர் வராது, 13ஆம் திகதி ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் எடுத்துவந்தேன். துணி மடித்து பொலித்தீனில் சுற்றியிருந்தது. நான் பதினெட்டு வருடமாகத் தைக்கிறேன், துணி வந்தால் முதலில் ஓரத்தில் ஒரு நூல் உருவி நெருப்புக் காட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கும் பார்த்தேன். கடதாசி எரிகிற வாசனை வந்தது, சாம்பல் விரலில் தூளாகப் போனது, நல்ல கொட்டன். மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது. விரித்து அளந்தபோதுதான் அது 4 யாரோடு முடிய, உள்ளே தனியாக 2 யார் துண்டு ஒன்று மடித்து வைத்திருந்ததைக் கண்டேன். ஒரே துண்டாக வரவில்லையே என்று மனம் கொஞ்சம் சங்கடப்பட்டது, ஆனால் ஒரே பில், ஒரே பார்சல், ஒரே நிறம், இரண்டையும் ஒன்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தக் கிழமை முழுக்க எங்கள் பக்கம் மழையும் மூடுபனியும், பகல் மூன்று மணிக்கே லைட் போட்டுத்தான் வேலை. டியூப் லைட்டில் இரண்டு துண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நெஞ்சுப்பகுதியையும் இடது சிறகையும் பெரிய துண்டில் வெட்டினேன். வலது சிறகும் கழுத்துப் பட்டியும் சின்னத் துண்டில். இடது கை தைத்து, மடிப்பு நிற்பதற்காக வெல்வெட்டைக் குப்புறப் போட்டு, கீழே துவாய் விரித்து, ஈரத்துணி வைத்து அயன் பண்ணினேன், அச்சுப் போல வந்தது. அதே சூட்டில் வலது கையில் வைத்தேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது, ஒரு மாதிரி இனிப்பும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் தோள் மடிப்பு எட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்தன. திருப்பினேன், அயன்பெட்டியின் முனை வடிவத்தில் வெல்வெட் முடி படுத்துப் பளபளவென்று, மீன் செதிள் மாதிரி. விரலால் தடவினால் வழுக்கியது. உடனே அந்தத் துண்டிலிருந்து நூல் உருவி நெருப்புக் காட்டினேன், சுருண்டு ஓடி நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டியது, ஆறியதும் நகத்தால் நசுக்கினாலும் உடையவில்லை. கொட்டன் சூட்டில் அயன்பெட்டி 200 பாகை வரை போகும், பொலியெஸ்டருக்கு 150ஐத் தாண்டக்கூடாது. துணி விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அப்போது வலய மட்டப் போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. இரவோடு இரவாக அந்தக் கையைப் பிரித்து, சின்னத் துண்டில் மிஞ்சியதை வைத்து மறுபடி வெட்டி, அயன் பண்ணாமல் கையாலேயே மடிப்பு மடிப்பாக ஓட்டுத் தையல் போட்டேன். மேடையில் பெரிய விளக்குப் போட்டார்கள். இடது பக்கம் ஆழமான மெரூன், வலது பக்கம் பளபளவென்று வேறொரு சிவப்பு. நடுவர் ஒருவர், இரண்டு பறவைகள் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று கேட்டாராம். வலது பக்கத்தில் நின்ற பிள்ளை பின்னால் வந்து என்னிடம், "அக்கா, என்ட பக்கம்தான் பிழையா?" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளைகள் நடித்த நடிப்பில் முதலாம் இடம் கிடைத்துவிட்டது, மாகாண மட்டத்துக்குப் போகிறார்கள். அதற்குள் உடுப்பைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

"வெட்டும் முன் சோதித்திருக்க வேண்டும்" என்று இரண்டாவது போனில் சொன்னீர்கள். சோதித்தேன். நீங்கள் மேலே வைத்த துணியைச் சோதித்தேன், அது கொட்டன்தான். ஒரு பார்சலுக்குள் ஒவ்வொரு மடிப்பையும் எரித்துப் பார்க்க வேண்டும் என்று வாங்குகிறவரிடம் சொல்வது நியாயமா? வெட்டி, தைத்து, சூடு காட்டிய பிறகுதான் வெளியே வருகிற பிழை இது, அதற்கு "வெட்டிவிட்டீர்கள்" என்பதையே காரணமாகச் சொல்கிறீர்கள். வேண்டுமென்று ஏமாற்றினீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரோலில் 4 யார்தான் மிச்சம் இருந்திருக்கும், பக்கத்து ரோலில் இருந்து யாரோ 2 யார் வெட்டி நிரப்பியிருப்பார்கள். அப்படியென்றால் ஒரு போன் எடுத்து "அக்கா, 4 யார்தான் இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் நான் வேறு இடம் பார்த்திருப்பேன், இல்லையென்றால் உடுப்பின் அமைப்பையாவது மாற்றியிருப்பேன்.

இந்தக் காசு யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிற அம்மாமார் ஆளுக்கு இருநூறு, முந்நூறு என்று சேர்த்துத் தந்தது. 2025 மே மாதத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாய், 14,650 என்பது கிட்டத்தட்ட பதினொரு நாள் மலை ஏறி இறங்கின காசு. ரசீதை அந்த அம்மாமாரின் தலைவியிடம் கொடுத்தபோது அவர் அதை மடித்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். அவர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது இதுதான். முதலில் வந்த 4 யாருடன் ஒரே ரோலில், ஒரே சாயத்தில் தோய்த்த கொட்டன் வெல்வெட் 2 யாரை, கூரியர் செலவும் உங்களுடையதாக, ஜூன் 20ஆம் திகதிக்குள் அனுப்புங்கள். அந்த ரோல் முடிந்துவிட்டதென்றால் அதை ஒளிக்காமல் சொல்லி 14,650 ரூபாயையும் திருப்பிப் போடுங்கள், பொருத்தமான துணி இல்லாமல் மிச்ச 4 யாரால் எனக்குப் பயன் இல்லை, வேறு நிறத்தில் முழுவதையும் புதிதாகத்தான் தைக்க வேண்டி வரும். இரண்டில் எதுவும் நடக்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் முறையிடுவேன், அந்தச் சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கும் அழைப்பேன். பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வட்ஸ்அப் பேச்சு எல்லாம் என்னிடம் இருக்கிறது. அங்கே போகாமல் முடிந்தால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது, எனக்கும் அந்த நேரத்துக்குத் தையல் வேலை இருக்கிறது.

இன்னொன்று, அடுத்த முறை யாருக்காவது இரண்டு ரோலில் இருந்து வெட்டினால் பார்சலுக்கு மேல் ஒரு துண்டுக் கடதாசியிலாவது எழுதி ஒட்டுங்கள். எங்களைப் போல மலையில் இருப்பவர்கள் கடைக்கு வந்து தொட்டுப் பார்த்து வாங்க முடியாததால்தான் உங்களை நம்பிக் காசு போடுகிறோம்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு சின்னத் துணித் துண்டுகளைக் குத்தூசியால் சேர்த்து அனுப்புகிறேன். சோக்கால் 1 என்று எழுதியது பெரிய துண்டிலிருந்து வெட்டியது, 2 என்று எழுதியது சின்னத் துண்டிலிருந்து. உங்கள் கடை வாசலில் வெயிலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் உருவி நெருப்புக் காட்டுங்கள். பார்த்துவிட்டுப் பதிலை வட்ஸ்அப்பில் போடுங்கள், தோட்டத்துக்குள் பகலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது, போன் எடுப்பதென்றால் இரவு ஏழு மணிக்குப் பிறகு எடுங்கள்.

இப்படிக்கு,
6 யார் மெரூன் வெல்வெட் ஓடர் செய்த தையல்காரி,
நோர்வூட்.