டேப்லெட்டுக்கு ஏற்ற பாதுகாப்பு உறை: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

வரும் பருவத்திலிருந்து மேல்வகுப்பு மாணவர்கள் தங்கள் டேப்லெட்டை நாள்தோறும் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதால், அதற்கு எத்தகைய பாதுகாப்பு உறை வாங்குவது என்று பெற்றோர் பலர் வகுப்பாசிரியர்களிடம் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட, சென்ற ஆண்டில் உடைந்து என் மேசைக்கு வந்த கருவிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை ஒரே கடிதத்தில் எழுதிவிடலாம் என்று கருதினேன். அவற்றுள் உறையே இல்லாதவை சிலவே. மற்றவை உறை போட்டிருந்தும் உடைந்தவை. ஆகவே உறை வேண்டுமா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எப்படிப்பட்ட உறை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

டேப்லெட் தட்டையாக விழுவது அரிது. மேசை விளிம்பிலிருந்து சரியும்போதே சாய்ந்து, பெரும்பாலும் ஏதாவதொரு மூலை முதலில் தரையில் படும்படி விழுகிறது. அப்போது மோதலின் விசை முழுவதும் சின்னஞ்சிறு பரப்பில் இறங்குவதால், விரிசல் மூலையில் தொடங்கிக் கண்ணாடியின் நடுப்பகுதி வரை ஓடிவிடுகிறது. பல ஆண்டுகள் இயற்பியல் பாடம் எடுத்தவன் என்பதால் ஒரு சிறு கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 75 செ.மீ. உயரமுள்ள மேசையிலிருந்து விழும் பொருள், தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறக்குறைய 3.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் 1 மி.மீ. தூரத்துக்குள் அடங்கினால் கருவி தாங்க வேண்டிய சராசரி விசை அதன் எடையைப்போல் சுமார் 750 மடங்கு. அதே வேகம் 5 மி.மீ. தூரத்தில் அடங்கினால் சுமார் 150 மடங்கு. இடைப்பட்ட அந்த நான்கு மில்லிமீட்டரைப் பெற்றுத் தருவதுதான் உறையின் வேலை.

எனவே உறையைக் கையில் எடுத்தவுடன் முதலில் மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் சற்றே உள்வாங்கி, விட்டதும் பழைய நிலைக்கு மீள வேண்டும். பாலிகார்பனேட் போன்ற கடினமான பிளாஸ்டிக்கால் மட்டும் செய்யப்பட்ட மெல்லிய உறை கீறலைத் தடுக்கும். மோதலை உள்வாங்காமல் அப்படியே கருவிக்குக் கடத்திவிடும். டிபியு எனப்படும், ரப்பர் போல் வளையும் மென்மையான பிளாஸ்டிக் விளிம்பும் கடினமான பின்பலகையும் சேர்ந்த உறை, வளைவையும் மோதலையும் ஒருங்கே தாங்குவதால் மேல்வகுப்பு மாணவர்களுக்குப் பொருத்தமானது. சிறு குழந்தைகளுக்கு, ஈவிஏ எனப்படும், ரப்பர் போன்ற நுரையால் ஆன எடை குறைந்த தடித்த உறையே சிறந்தது. பார்வைக்குப் பொம்மை போல இருப்பது ஒரு குறையே அல்ல. சிலிகோன் உறை கையில் வழுக்காது என்பது உண்மை, ஆனால் தூசியை ஈர்க்கும். நாளடைவில் சில உறைகள் தளர்ந்து மூலையிலிருந்து நழுவவும் தொடங்கும்.

அடுத்து, திரையைச் சுற்றியுள்ள விளிம்பு கண்ணாடியைவிட உயர்ந்திருக்க வேண்டும். டேப்லெட்டை உறையுடன் மேசைமீது குப்புற வைத்துப் பார்த்தால், கண்ணாடி மேசையைத் தொடாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். கேமரா புடைத்திருக்கும் மாடல்களில் பின்புறத்துக்கும் இதே சோதனை பொருந்தும்.

உறையின் பெட்டியில் ‘ராணுவத் தரம்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டதும் பலர் வேறெதையும் பார்ப்பதில்லை. அச்சொல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘மில்-எஸ்டிடி-810’ என்ற சோதனை முறையைக் குறிக்கிறது. அதில் வழக்கமாகச் சொல்லப்படும் விழுதல் சோதனையில், 122 செ.மீ. உயரத்திலிருந்து கருவியை 26 முறை போடுகிறார்கள்: 6 பக்கங்கள், 12 விளிம்புகள், 8 மூலைகள். விழும் தளம் கான்கிரீட்டின்மேல் பரப்பிய, ஏறக்குறைய 5 செ.மீ. தடிமனுள்ள ஒட்டுப்பலகை. அந்த 26 விழுதல்களையும் ஒரே கருவி தாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஐந்து கருவிகள் வரை பகிர்ந்துகொள்ளலாம். மேலும், கடைக்கு வரும் உறைகளை ராணுவம் சோதித்துச் சான்று தருவதில்லை. அவ்வாறு சோதித்ததாகத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்கிறார். எத்தனை செ.மீ. உயரம், எந்தத் தளம், எத்தனை முறை என்ற விவரங்களைச் சேர்த்து அச்சிட்டிருக்கும் நிறுவனத்தின் சொல்லுக்கு ஓரளவு மதிப்புக் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகத் தொல்லை கொடுத்தது அளவுப் பொருத்தமே. திரையின் அங்குல அளவை மட்டும் சொல்லி வாங்கிய உறைகள் பல, கருவியைச் சரியாகப் பற்றவில்லை. 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடும், ஐந்தாம் தலைமுறை ஐபேடு ஏரும் 10.9 அங்குலத் திரை கொண்டவை; ஆயினும் முன்னது 7 மி.மீ. தடிமன், பின்னது 6.1 மி.மீ. தடிமன், நீள அகலங்களும் வேறு. மாறாக, ஏழு, எட்டு, ஒன்பதாம் தலைமுறை ஐபேடுகள் 10.2 அங்குலத்தில் ஒரே வெளியளவு கொண்டவை என்பதால் ஒன்றின் உறை மற்றொன்றுக்கும் பொருந்தும். சாம்சங் கருவிகளில் பெயரே ஏமாற்றிவிடும்: ‘கேலக்ஸி டேப் ஏ 8.0’ என்பது எட்டங்குலக் கருவி, ‘கேலக்ஸி டேப் ஏ8’ என்பதோ பத்தரை அங்குலக் கருவி. ஆகவே செட்டிங்ஸ் பகுதியில் கருவியைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள மாடல் எண்ணை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்ட பிறகே வாங்கச் செல்லுங்கள். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று சொல்லி, நான்கு ரப்பர் பட்டைகளாலோ கொக்கிகளாலோ பிடித்து நிறுத்தும் உறைகளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விழும்போது கருவி உறையை விட்டுத் தனியே பறந்துவிடுகிறது.

உறையைப் போட்ட பிறகு, தங்கள் பிள்ளையின் சார்ஜர் முனையும் ஹெட்போன் முனையும் தடையின்றி முழுவதும் உள்ளே செல்கின்றனவா, ஒலிபெருக்கித் துளைகளும் மைக்கும் மூடப்படாமல் உள்ளனவா, ஸ்டைலஸ் (திரையில் எழுதும் பேனா) பயன்படுத்துவோருக்கு அதை வைக்க இடமுள்ளதா என்று பிள்ளையையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜ் போடுவதற்காகத் தினமும் கழற்ற வேண்டிய உறை, இரண்டாம் வாரத்தில் வீட்டிலேயே தங்கிவிடும். எடைக்கும் இதே விதிதான். ஏறத்தாழ அரை கிலோ எடையுள்ள கருவிக்கு அதே எடையில் ஒரு கவசம் போட்டால், பையைச் சுமக்கும் பிள்ளை அதை விரும்பப் போவதில்லை. வகுப்பில் நிமிர்த்தி வைக்க உதவும் தாங்கி அவசியம். அது அடிபெயராமல் நிற்க வேண்டும்.

பையைப் பற்றியும் ஒரு சொல். புத்தகம் போல் மடியும் மூடி திரையைக் கீறலிலிருந்து காக்கும். ஆனால் மூடிக்கும் திரைக்கும் இடையே பென்சிலோ காதொலிக் கம்பியோ அகப்பட்டு, மேலே பாடநூல்கள் அழுத்தினால், விழாமலேயே கண்ணாடி உடையும். அப்படி உடைந்த இரண்டை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர்ப் பாட்டிலும் டேப்லெட்டும் பையின் ஒரே அறையில் இருக்கக் கூடாது. சாதாரண உறைகள் எதுவும் நீரைத் தடுப்பதில்லை.

மூடியில் உள்ள காந்தம், மூடியவுடன் திரையை அணைப்பதற்கானது, வசதியானதுதான். இருப்பினும் தங்கள் வீட்டில் எவருக்கேனும் இதயமுடுக்கியோ உடலில் பொருத்திய வேறு மின்கருவியோ இருந்தால், காந்த மூடியை அவர்களுடைய மார்பருகே வைக்காமல் குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைப்பதோடு, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடித்த உறை வெப்பத்தையும் பிடித்து வைக்கும். ஐபேடு போன்ற கருவிகள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. சார்ஜ் ஏறும்போது கருவி வழக்கத்துக்கு மீறிச் சூடானால் உறையைக் கழற்றிவிடுங்கள். தலையணைமீதோ மெத்தைமீதோ வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். திரைமீது ஒட்டும் கண்ணாடியில் ‘9எச்’ என்றிருப்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோலின் குறியீடு. மணல் அதையும் கீறும்.

அந்த மணலும் தூசியும் உறைக்கும் கருவிக்கும் இடையில் புகுந்து உராயும் என்பதால், மாதம் ஒருமுறை உறையைக் கழற்றி, கருவியை மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, உறை முழுவதும் காய்ந்த பிறகே மீண்டும் பூட்ட வேண்டும். அப்போது திரை விளிம்பில் மேலெழும்பியிருந்தாலோ, பழைய உறை திடீரென்று இறுக்கமாகத் தோன்றினாலோ, பேட்டரி வீங்கியிருக்கக் கூடும். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்திப் பூட்ட முயல வேண்டாம். அந்தக் கருவியைப் பள்ளிக்கு அனுப்பாமல் பழுது நீக்குமிடத்தில் காட்டிவிட்டு எங்களுக்குத் தகவல் தாருங்கள்.

ஏற்கெனவே உறை வைத்திருப்பவர்கள் மூலை, விளிம்பு, பொருத்தம் ஆகிய மூன்றையும் மேற்கூறியவாறு சோதித்து, அது தேறினால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. நிறம், படம், நிறுவனம் ஆகியவற்றில் பள்ளிக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. அவற்றைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். பெயரும் வகுப்பும் எழுதிய சிறு சீட்டை உறையின் உட்புறம் ஒட்டி அனுப்புங்கள். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். எந்த உறை வாங்குவது என்பதில் ஐயம் உள்ளவர்கள் மாடல் எண்ணை எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தால், கணினி ஆய்வக ஆசிரியர் பார்த்துச் சொல்வார். பருவம் தொடங்கும் முதல் வாரத்தில் ஒவ்வொரு டேப்லெட்டையும் உறையுடன் வகுப்பிலேயே பார்வையிடுவோம்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்