குதிரையில் போனவருக்கு வாழ்க்கை வரலாறு இருக்கிறது, தெருவில் நின்றவருக்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. அதில் லெனாட் வூல்ப் பற்றி இரண்டே வரி வந்தது: இங்கே அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர், பிறகு எழுத்தாளர் வேர்ஜினியாவைக் கலியாணம் செய்தவர் என்று. அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அவருடைய முழு வாழ்க்கையையும் தேடி எழுதிய ஒரு பெண் இருக்கிறார், அவரைப் பற்றி இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அவர் பெயர் விக்டோரியா கிளென்டின்னிங். 1937இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர், வங்கி உத்தியோகத்தில் உயர்ந்து பிரபு பட்டமும் பெற்ற ஒருவரின் மகள். ஒக்ஸ்போட்டில் மொழிகள் படித்தார், அங்கே ஸ்பானிய மொழி படிப்பித்தவரையே கலியாணம் செய்தார், நான்கு ஆண்பிள்ளைகள். அப்புறம் பகுதிநேரமாகப் படிப்பித்திருக்கிறார், மனநோயாளிகளுக்கான சமூக சேவை உத்தியோகமும் பார்த்திருக்கிறார். 1974இல்தான், 37 வயதளவில், லண்டன் ரைம்ஸின் இலக்கிய இணைப்பிதழில் உதவி ஆசிரியர் வேலைக்குப் போனார். எழுத்துத்துறைக்கு வயது போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும் எங்கள் பெண்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அவருடைய முதல் புத்தகம் அதற்கு முன்பே, 1969இல், வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. அது அவருடைய அப்பப்பாவின் சகோதரி வினி சீபோமைப் பற்றியது. 1885இல் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரிக்குப் படிக்கப் போய், ஒரு தவணையோடு தொய்வு (ஆஸ்துமா) முற்றி வீட்டுக்குத் திரும்பி, அந்த வருட முடிவிலேயே 22 வயதில் செத்துப்போனவர். அவர் புத்தகம் எழுதவில்லை, பட்டம் வாங்கவில்லை, ஊர் பேசும்படி எதுவும் செய்யவில்லை. மிஞ்சியிருந்தவை கடிதங்களும் குறிப்புகளும். அவற்றை வைத்துக்கொண்டு, வசதியும் அன்பும் உள்ள ஒரு குடும்பத்தில் ஒரு பெண் படிக்க ஆசைப்பட்டால் அந்த அன்பே அவளை எப்படி மூச்சுவிடாமல் பிடித்துவைத்திருந்தது என்பதைக் கிளென்டின்னிங் எழுதினார். ஒரு தவணை மட்டுமே படித்த ஒரு பெண்ணுக்கு ஒரு முழுப் புத்தகம்! எங்கள் வீடுகளில் இப்படி எத்தனை பெரியம்மாக்கள், எத்தனை மாமிமார் இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் பெரிய பெயர்களைப் பற்றியவை. 1977இல் நாவலாசிரியை எலிசபெத் போவன், 1981இல் கவிஞர் ஈடித் சிட்வெல், 1987இல் எழுத்தாளர் ரெபேக்கா வெஸ்ட், 1992இல் நாவலாசிரியர் ட்ரொலப், 1998இல் ஜோனதன் சுவிஃப்ட். எழுத்தாளர் வீட்டா சாக்வில்வெஸ்ட்டைப் பற்றி 1983இல் எழுதியதற்கும் ட்ரொலப்பைப் பற்றி எழுதியதற்கும் விட்பிரெட் பரிசு கிடைத்தது. நாவல்களும் எழுதினார், பத்திரிகைகளுக்கு மதிப்புரை எழுதுவதையும் விடவில்லை. எங்கள் நாட்டோடு சம்பந்தப்பட்ட இன்னொன்று, 1992இல் புக்கர் பரிசு நடுவர் குழுவின் தலைவர் இவர்தான். கொழும்பில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சிக்கும் பரி அன்ஸ்வேத்துக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தது அந்த வருடம்தான்.

வீட்டாவின் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவருடைய மகன் நைஜல் நிக்கல்சன் 1973இலேயே தன் தாய் தகப்பனின் கலியாண வாழ்க்கையை, தாய் பெண்களைக் காதலித்ததையும் தகப்பன் ஆண்களை விரும்பியதையும் மறைக்காமல், தானே புத்தகமாகப் போட்டிருந்தார். பத்து வருடம் கழித்து கிளென்டின்னிங் எழுதியபோது, குடும்பம் என்ன நினைக்கும் என்று பயந்து பயந்து எழுத வேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. இங்கே ஒரு எழுத்தாளர் செத்தால் பிள்ளைகள் முதலில் செய்வது அவருடைய கடிதக் கட்டுகளைப் பிரித்து, யாருக்கும் வில்லங்கம் வரக்கூடாது என்று கிணற்றடியில் வைத்துக் கொளுத்துவது. நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, தகப்பனில் உயிரையே வைத்திருந்த பிள்ளைகள்.

சரி, வூல்புக்கு வருவோம். 2006இல் கிளென்டின்னிங் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு வந்தது. வூல்ப் 1905 தை மாதம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது வயது 24. ஒரு நாயும் பெட்டி நிறைய வோல்ட்டேரின் புத்தகங்களும் கொண்டுவந்தார், கோட்டைக் கொத்தளத்தின் மேலிருந்த பங்களாவில் இருந்தார், நெருப்புக் காய்ச்சலில் விழுந்து எழும்பினார், 1906இல் மன்னார்ப் பக்கம் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு மேற்பார்வை வேலைக்குப் போனார், 1907இல் கண்டிக்கு மாற்றலாகிப் போனார். இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கிருந்து தன் சிநேகிதர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, அவருடைய காகிதங்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, 1961இல் அவரே இலங்கை வருடங்களைப் பற்றித் தன் சுயசரிதையில் ஒரு முழுப் பாகம் எழுதினார்.

அந்தச் சுயசரிதையில் ஒரு சம்பவம் வருகிறது. பெரிய தெருவில் அவர் அரசாங்க அதிபரோடு குதிரையில் போகிறார், கட்டடங்கள் தெருவுக்குள் தள்ளிக் கட்டப்பட்டிருப்பதைக் காட்டச் சவுக்கை நீட்டுகிறார். கொஞ்ச நாளில் யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் ஆளுநருக்கு முறைப்பாடு எழுதுகிறது, சந்திரசேகரா என்ற சட்டத்தரணியின் முகத்தில் அவர் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று. அடிக்கவில்லை என்று வூல்ப் மறுத்தார், முறைப்பாடு அதோடு போனது. ஆனால் பின்னாளில் அவரே எழுதுகிறார், அடித்தேன் என்று அவர்கள் நம்பியது தவறாக இருக்கலாம், ஆனால் அவர்களுடைய பட்டினத்தின் நடுத்தெருவில் நான் திமிரோடு குதிரையில் இருந்ததே கன்னத்தில் அறைந்ததற்குச் சமம் என்று அவர்கள் நினைத்தது சரிதானோ என்று, தன் ஏகாதிபத்திய மனதுக்குள் அப்போதுதான் முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்ததாம். ஒரு மனிதரின் வாழ்க்கையே திரும்பிய இடம் இது. பிறகு வேலையை விட்டு, 1913இல் இலங்கைக் கிராமத்தைப் பற்றி நாவல் எழுதி, ஏகாதிபத்தியத்துக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் பேசிய ஒருவருக்கு அந்தச் சந்தேகத்தைக் கொடுத்தது எங்கள் தெரு.

அந்தச் சட்டத்தரணியைப் பற்றி எங்களிடம் என்ன இருக்கிறது? அன்றிரவு வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொன்னார், முறைப்பாட்டை யார் எழுதினார்கள், சங்கத்தின் கூட்டத்தில் யார் எழும்பி என்ன பேசினார்கள்? நான் தேடினேன், வூல்பின் வாயால் வருகிற அவர் பெயர்தான் எனக்குக் கிடைத்தது. எங்கள் ஆளைப் பற்றி எதிர்த்தரப்பின் சாட்சியம் மட்டும்தான் பதிவில் இருக்கிறது, அதுவும் அந்த வெள்ளைக்காரர் நேர்மையானவராக இருந்தபடியால்தான் இந்த அளவாவது.

எங்களுக்கு இந்த மரபு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆறுமுக நாவலர் 1879இல் காலமானார், 1882இலேயே கனகரத்தின உபாத்தியாயர் அவருடைய சரித்திரத்தை அச்சில் கொண்டுவந்துவிட்டார். இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் செத்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கிறோம், தேவாரத்தோடும் வம்ச வரலாற்றோடும். நூலகம் நிறுவனத்துப் பிள்ளைகள் அவற்றைத் தேடி எடுத்து இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் அந்தக் கல்வெட்டுகளில் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் பண்பாளர்கள், யாரும் யாரோடும் கோபித்ததில்லை, யாருக்கும் கடன் இருந்ததில்லை, காதல் இருந்ததில்லை. அதை வைத்து ஒரு வாழ்க்கையை எழுத முடியாது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயத்தையும் எரித்தார்கள். 1995இல் யுத்தத்துக்குப் பயந்து ஒரே இரவில் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது யார் றங்குப்பெட்டியில் கடிதங்களை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்? பிள்ளையையும் காணி உறுதியையும் நகையையும்தான் தூக்க முடிந்தது. அவர்கள் எரித்ததைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டே இருக்கிறோம், பேசத்தான் வேண்டும். மிஞ்சியதை நாங்களே எரிப்பதையும் கறையானுக்குக் கொடுப்பதையும் யார் பேசுவது?

ஆகவே ஆசிரியர் அவர்களே, எனது கேள்வி நேரானது. உங்கள் ஞாயிறு இதழில் ஒரு பக்கம் ஒதுக்குவீர்களா? புகழ்மாலை வேண்டாம். உயிரோடு இருப்பவர்களைப் போய்ப் பார்த்து, வீட்டில் இருக்கிற கடிதம், கொப்பி, கணக்குப் புத்தகம், படம் எல்லாவற்றையும் பார்த்து, மூன்று நான்கு கிழமை எடுத்து எழுதுகிற ஒரு பக்கம், எழுதுகிற பிள்ளைக்கு அதற்கான ஊதியத்தோடு. பேராசிரியர்களையும் பாடசாலை அதிபர்களையும் பிறகு பார்க்கலாம், அவர்களுக்குச் சிறப்பு மலர் போட ஆட்கள் இருக்கிறார்கள். ஈய எழுத்தைக் கையால் கோத்து, குண்டு விழுந்த நாட்களிலும் இந்த ஊரில் பேப்பர் வரச் செய்த அச்சுக்கோப்பாளர்கள் சிலர் இன்னமும் இருக்கிறார்கள், கண் மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. அவர்களில் இருந்து தொடங்குங்கள். கொக்குவில் பக்கம் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் சம்மதித்தால் உங்கள் நிருபரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கொக்குவில்.